இணையத்தில் விற்க லாபமான நிஷ் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையக் கடை தொடங்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். கணக்கு வரும் இடங்களில் விற்பனை விலையை 100 என்று வைத்திருக்கிறோம். உங்கள் நாணயத்தில் என்ன விலையானாலும் அதே விகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். எதைப் படிக்காமல் விட்டாலும் 9-ஆம் கேள்வியில் உள்ள கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். பின்னால் வரும் பதில்களில் பாதி அதன்மேல்தான் நிற்கின்றன.

1. நிஷ் நிஷ்னு சொல்றாங்களே, அது என்ன? சின்னச் சந்தையில எப்படிப் பணம் வரும்?

ஒரு குறிப்பிட்ட தேவை இருக்கிறது. அந்தத் தேவை உள்ளவர்களைப் பொதுக்கடைகள் சரியாகக் கவனிப்பதில்லை. அவர்களோ அதற்காகச் செலவழிக்கத் தயாராக இருக்கிறார்கள். இந்த மூன்றும் சேரும் இடம்தான் நிஷ். "25 முதல் 40 வயது வரையுள்ள பெண்கள்" என்பது நிஷ் ஆகாது. வயது ஒன்றாக இருப்பதால் தேவை ஒன்றாகிவிடாது.

இடது கைப் பழக்கம் உள்ளவர்களைப் பாருங்கள். மனிதர்களில் சுமார் 10 சதவீதம் பேர். சாதாரணக் கத்தரிக்கோலை வலது கையில் பிடித்தால் விரல்களின் அழுத்தம் இரண்டு அலகுகளையும் நெருக்கும். இடது கையில் பிடித்தால் அதே அழுத்தம் அலகுகளை விலக்கும். துணி வெட்டுப்படாமல் இடையில் மடங்கிப் போகும். வெட்ட வேண்டிய கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். இதைச் சரிசெய்யக் கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதாது, அலகுகளையே இடவலம் மாற்றிச் செய்ய வேண்டும். நாள் முழுக்கத் துணி வெட்டும் இடது கைத் தையல்காரர் ஒருவர் சரியான கத்தரிக்கோலைக் கண்டால், விலை கொஞ்சம் கூடுதல் என்பதற்காகத் திரும்பிப் போக மாட்டார். சின்னச் சந்தையில் பணம் வருவது இப்படித்தான்: வாங்குபவர் குறைவு, ஆனால் அவருக்கு மாற்று இல்லை, அவரைச் சென்றடையும் வார்த்தையும் துல்லியமாக இருக்கிறது.

2. எனக்குப் பிடிச்ச விஷயத்துல ஆரம்பிக்கணுமா, லாபம் வர்றதுல ஆரம்பிக்கணுமா?

தெரிந்த விஷயத்தில் ஆரம்பியுங்கள். பிடித்தது எல்லாம் தெரிந்ததாக இருப்பதில்லை. ஒரு துறையை உள்ளிருந்து தெரிந்தவருக்கு, வாங்குபவர் என்ன வார்த்தை சொல்லித் தேடுவார், எந்தப் பாகம் முதலில் உடையும், எந்தச் சப்ளையர் அளவில் ஏமாற்றுவார் என்பதெல்லாம் முன்பே தெரியும். வெளியிலிருந்து வருபவர் இதையெல்லாம் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பொருட்களைப் பட்டியலிடாதீர்கள், ஆட்களைப் பட்டியலிடுங்கள். நீங்கள் செய்த வேலைகள், வீட்டில் யாரையாவது கவனித்துக்கொண்ட அனுபவம், செலவு வைக்கும் பொழுதுபோக்குகள், நீங்கள் பழுதுபார்த்து வைத்திருக்கும் கருவிகள் ஆகிய நான்கு திசைகளிலும் யோசித்தால் 10 முதல் 15 குழுக்கள் கிடைக்கும். அதன்பிறகு லாபக் கணக்கு எதை விடச் சொல்கிறதோ அதை விட்டுவிடுங்கள்.

3. ஐடியா எங்க தேடுறது? எதை எடுத்தாலும் யாரோ ஏற்கெனவே வித்துக்கிட்டு இருக்காங்க.

நல்ல ஐடியாக்கள் பெரும்பாலும் பிறருடைய புகார்களில் கிடக்கின்றன. உங்கள் குழு வாங்கும் ஐந்தாறு பொருட்களைப் அமேசான் போன்ற பெரிய மார்க்கெட்பிளேஸ்களில் (பல விற்பனையாளர்கள் ஒரே இடத்தில் விற்கும் தளங்களில்) எடுத்து, 2 நட்சத்திர, 3 நட்சத்திர விமர்சனங்களை மட்டும் படியுங்கள். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களில் பலர் டெலிவரித் தாமதத்தையும் உடைந்து வந்ததையும் திட்டுகிறார்கள். ஐந்து நட்சத்திரத்தில் பாராட்டுதான் இருக்கும். நடுவில் உள்ளவர்கள்தான் "நல்ல பொருள், ஆனால்..." என்று எழுதுகிறார்கள். அந்த "ஆனால்" உங்களுக்கு வேண்டும். 100 விமர்சனங்களை ஒரு விரிதாளில் ஒட்டி, மூன்று நெடுவரிசைகள் போடுங்கள்: என்ன குறை, சொல்பவர் யார், அதற்குப் பதிலாக என்ன செய்தார். வெவ்வேறு கம்பெனிப் பொருட்களில் ஒரே குறை எட்டு, பத்து முறை வந்தால் அது ஒரு கம்பெனியின் தவறு இல்லை, சந்தையில் உள்ள ஓட்டை. யோகா பாயைப் பற்றி "முழங்கால் தரையில் இடிக்கிறது" என்று திரும்பத் திரும்ப வந்தால், வழக்கமான 3 முதல் 6 மில்லிமீட்டர் தடிமன் மூட்டு வலி உள்ளவர்களுக்குப் போதவில்லை என்று பொருள்.

அடுத்தது, தேடுபொறி தானாக முடித்துத் தரும் சொற்கள். பொருளின் பெயருடன் "இல்லாத", "மாற்று", "பொருந்தும்", "பாகம்" போன்ற சொற்களை, நீங்கள் விற்கப்போகும் மொழியில், ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தட்டச்சு செய்து வருபவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உலாவியின் பிரைவேட் விண்டோவில் (பழைய தேடல்களைக் கணக்கில் எடுக்காத சாளரத்தில்) செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் பழைய தேடல்களே பரிந்துரையாகத் திரும்பி வரும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: மக்கள் தாங்களே ஒட்டுப்போட்டுச் சமாளிக்கும் இடங்கள். மீன்தொட்டியில் இறால் வளர்ப்பவர்கள் எந்த மருந்தையும் உரத்தையும் வாங்குமுன் அதில் தாமிரம் இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்ப்பார்கள்; மீன் தாங்கும் அளவு தாமிரம் இறாலைக் கொன்றுவிடக்கூடும். ஒவ்வொருவரும் லேபிளைப் படித்துச் செய்யும் அந்த வேலையை ஒரு கடை மொத்தமாகச் செய்து, "இங்கே இருப்பது எல்லாமே இறாலுக்குப் பாதுகாப்பானது" என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் அது ஒரு நிஷ். புதிதாக எந்தப் பொருளும் தயாரிக்க வேண்டியதில்லை.

4. "லாபமான 100 நிஷ்" பட்டியல் நிறைய இருக்கு, ஏஐ கிட்ட கேட்டாலும் தருது. அதுலயே ஒண்ணை எடுத்துக்கலாமே?

அதே பட்டியல் கேட்கிற எல்லோருக்கும் கிடைக்கிறது என்பதுதான் சிக்கல். சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருட்கள், செல்லப்பிராணிகள், வீட்டு உடற்பயிற்சி என்று வருபவை நிஷ்கள் அல்ல, பெரிய துறைகள். துறையின் பெயரை எடுத்துக்கொண்டு, 3-ஆம் பதிலில் உள்ள வேலையை அதற்குள் செய்தால் பயன் உண்டு. 100 விமர்சனங்களை வகைபிரிக்கும் வேலைக்கு ஏஐ நன்றாக உதவும். ஆனால் அது தானாகச் சொல்லும் தேடல் எண்ணிக்கையையும் மார்ஜினையும் (விலையில் லாபமாக நிற்கும் பங்கையும்) சரிபார்க்காமல் நம்பாதீர்கள்.

5. போட்டி இருந்தா விட்டுடணுமா? யாருமே விக்காத பொருள்தானே நல்லது?

யாருமே விற்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்படுங்கள். பலர் முயன்று விட்டுப் போயிருக்கலாம், அல்லது வாங்குபவர்களைச் சென்றடைய வழியே இல்லாமல் இருக்கலாம். போட்டி இருக்கிறது என்றால் பணம் புழங்குகிறது என்று பொருள். ஒரு சில தனிக்கடைகள் அதையே நம்பிப் பிழைக்கின்றன, ஆனால் அவற்றில் ஏதோ ஒன்று குறைகிறது: படங்கள் மோசம், அளவு விவரம் இல்லை, பாதிப் பொருட்கள் ஸ்டாக்கில் இல்லை. இந்த நிலைதான் நுழைவதற்கு வசதியானது.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை மெட்டாவின் விளம்பர நூலகத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரம் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதும் அங்கே இருக்கும். சிறிய கடை ஒன்று ஒரே விளம்பரத்தை மாதக்கணக்கில் ஓட்டுகிறது என்றால், நஷ்டத்தில் ஓட்ட வாய்ப்புக் குறைவு.

6. கீவேர்ட் பிளானர்ல "100 – 1ஆயிரம்"னு காட்டுது. மாசம் எத்தனை தேடல் இருந்தா போதும்?

ஒரு சொல்லை மாதம் எத்தனை முறை தேடுகிறார்கள் என்று விளம்பரதாரர்களுக்குக் காட்டும் கருவி கூகுள் கீவேர்ட் பிளானர். விளம்பரச் செலவு செய்யாத கணக்குகளுக்கு அது இப்படி அகலமான வரம்பைத்தான் காட்டும். 100-க்கும் 1,000-க்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம் இருப்பதால் ஒற்றை வார்த்தையை வைத்து முடிவெடுக்க முடியாது. வாங்கும் எண்ணம் தெரிகிற 30 முதல் 50 சொற்றொடர்களைச் சேர்த்து ஒரு தொகுப்பாகப் பாருங்கள். "இடது கை கத்தரிக்கோல் விலை" வாங்குபவரின் தேடல். "இடது கைப் பழக்கம் ஏன் வருகிறது" என்பது தெரிந்துகொள்பவரின் தேடல். இரண்டையும் ஒரே கூட்டலில் சேர்த்தால் எண்ணிக்கை பெரிதாகும், ஆர்டர் பெரிதாகாது. இன்னொன்று: அங்கே "போட்டி" என்று காட்டுவது விளம்பரதாரர்களிடையே உள்ள போட்டி. விளம்பரம் இல்லாத தேடல் முடிவுகளில் இடம்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அது சொல்லாது.

தேடலிலிருந்து ஆர்டர் வரை கணக்குப் போடுங்கள். தொகுப்பில் மாதம் 3,000 தேடல், அதில் 10 சதவீதம் உங்களிடம் வந்தால் 300 பேர், 2 சதவீதம் வாங்கினால் 6 ஆர்டர். உங்களுக்கு மாதம் 60 ஆர்டர் வேண்டுமென்றால் இந்தத் தொகுப்பு மட்டும் போதாது என்பது அப்போதே தெரிந்துவிடும். சொற்றொடருக்குப் பூஜ்யம் என்று காட்டினாலும் உடனே தள்ளிவிடாதீர்கள். தன்னிடம் தினமும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதுவரை வந்திராதவை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. மாடல் எண்ணோடு பாகம் தேடுவது போன்ற மிகக் குறுகிய தேடல்கள் ஒவ்வொன்றும் பூஜ்யமாகத் தெரியும், சேர்த்துப் பார்த்தால் ஒரு கடையை நடத்தும்.

7. கூகுள் டிரெண்ட்ஸ்ல கோடு மேல ஏறுது. உடனே இறங்கிடலாமா?

டிரெண்ட்ஸ் காட்டும் 0 முதல் 100 வரையான எண் தேடல் எண்ணிக்கை அல்ல; நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் இருந்த உச்சத்தை 100 என்று வைத்து, மற்றவற்றை அதோடு ஒப்பிடும் அளவு. 90 நாள் பார்வையில் எதுவும் மலைபோல் ஏறுவதாகத் தெரியும். முதலில் 5 ஆண்டு, பிறகு 2004 முதல் இன்று வரை என்று விரித்துப் பாருங்கள். அளவு தெரிந்த வேறொரு சொல்லையும் பக்கத்தில் போட்டு ஒப்பிடுங்கள்.

விரலில் வைத்துச் சுழற்றும் பொம்மையான ஃபிட்ஜெட் ஸ்பின்னரின் கோட்டை 2017-இல் பார்த்தால் பாடம் புரியும். சில வாரங்களில் செங்குத்தாக ஏறி, அதே வேகத்தில் இறங்கியது. ஏறும்போது ஆர்டர் கொடுத்த சரக்கு இறங்கும்போது வந்து சேர்ந்தால் அதை வாங்க ஆள் இருக்காது. ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் ஏறி இறங்கும் கோடு வேறு வகை. அதில் தொழில் செய்யலாம், ஆனால் ஒன்றிரண்டு மாதங்களில் ஆண்டுச் செலவை எடுக்க வேண்டும், மிஞ்சிய சரக்கை அடுத்த பருவம் வரை வைத்திருக்கவும் பணம் வேண்டும்.

8. அமேசான்ல பெஸ்ட் செல்லர் ரேங்க் நல்லா இருக்கு. அதை வச்சு முடிவு பண்ணலாமா?

அந்த ரேங்க் ஒரு பிரிவுக்குள் மட்டும் செல்லும், அடிக்கடி மாறும். பெரிய பிரிவில் 5,000-ஆவது இடத்தில் இருக்கும் பொருள், சின்ன உட்பிரிவில் 50-ஆவது இடத்தில் இருப்பதைவிட அதிகம் விற்கலாம். ஒரு நாள் ரேங்க்கைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கீப்பா போன்ற கருவிகளில் விலையின் வரலாறும் ரேங்க்கின் வரலாறும் ஒரே படத்தில் கிடைக்கும். ரேங்க் சீராக இருக்கிறதா, விற்பனையாளர் எண்ணிக்கை கூடக்கூட விலை படிப்படியாக இறங்குகிறதா என்று பாருங்கள். விலை இறங்கிக்கொண்டே இருந்தால் அங்கே விலைப்போர் நடக்கிறது. புதிதாக வருபவர் அதில் நிற்க முடியாது.

9. சரக்கு வாங்குறதுக்கு முன்னாடியே லாபம் வருமானு எப்படிக் கணக்குப் போடுறது?

விற்பனை விலை 100. சப்ளையர் விலை, ஏற்றுமதி இறக்குமதிச் செலவு, சுங்கம் எல்லாம் சேர்ந்து சரக்கு உங்கள் கைக்கு வரும் விலை 30 என்று வைப்போம். பேக்கிங்கும் டெலிவரியும் 12. பணம் பெறும் சேவைக்கு 3. ரிட்டர்னுக்கு 5. கையில் நிற்பது 50. இதில் ரிட்டர்ன் 5 எப்படி வந்தது என்பதைப் பார்த்துவிடுங்கள், பெரும்பாலானோர் விடுவது இங்கேதான். 100 ஆர்டரில் 10 திரும்பினால், ஒவ்வொன்றிலும் போன டெலிவரி 12, வந்த டெலிவரி 12, திரும்பக் கிடைக்காத கட்டணம் 3, பாதிச் சரக்கு மறுபடி விற்க முடியாமல் போவதால் சராசரி 15, மொத்தம் 42. பத்துக்கும் 420. நிலைத்த 90 ஆர்டர்களில் பிரித்தால் ஒன்றுக்குச் சுமார் 4.7.

இப்போது விளம்பரம். கடைக்கு வரும் 100 பேரில் 2 பேர் வாங்கினால், ஒரு விற்பனைக்கு 50 கிளிக் வேண்டும். கையில் நிற்கும் 50-ஐ 50 கிளிக்கால் வகுத்தால் 1. அதாவது ஒரு கிளிக்குக்கு விற்பனை விலையில் 1 சதவீதத்துக்கு மேல் கொடுத்தால் நஷ்டம். கிளிக் 0.6-க்குக் கிடைத்தால் விளம்பரம் 30 தின்று 20 மிஞ்சும். 1.5 ஆனால் ஒவ்வொரு விற்பனையிலும் 25 போகும். அதிகம் விற்றால் அதிகம் நஷ்டம். உங்கள் சொற்களுக்கு விளம்பரதாரர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்பது கீவேர்ட் பிளானரில் பக்கத்தின் மேற்பகுதிக்கான ஏல வரம்பில் தெரியும். கீழ் வரம்பையும் மேல் வரம்பையும் எடுத்து இரண்டுக்கும் கணக்குப் போடுங்கள்.

மார்க்கெட்பிளேஸில் விற்றால் 3-க்குப் பதில் கமிஷன் 15 போகலாம். அப்போது கையில் 38. அங்கேயும் விளம்பரம் வாங்கினால்தான் முதல் பக்கத்தில் தெரியும் என்ற நிலை இருந்தால், 38-இலிருந்துதான் அதையும் கொடுக்க வேண்டும். இந்தத் தாளில் உங்கள் சொந்த நேரத்துக்குக் கூலி, தள்ளுபடி, வரி எதுவும் இன்னும் சேரவில்லை. ஆகவே விளம்பரத்துக்கு முன் விலையில் 50 சதவீதமாவது நிற்காத பொருளை, விளம்பரத்தை நம்பி விற்கத் தொடங்காதீர்கள்.

10. அப்போ விலை குறைஞ்ச பொருளே விக்க முடியாதா?

மேலே சொன்ன அதே அளவில், பொருளின் விலை 100-க்குப் பதில் 25 என்று வையுங்கள். சரக்கு 7.5 ஆகும், ஆனால் டெலிவரி 12-ஆகவே இருக்கும். கட்டணமும் ரிட்டர்னும் போனால் கையில் நிற்பது 4-க்கும் கீழே. 50 கிளிக்குக்கு 30 கொடுத்து இதை விற்க முடியாது. வழி இரண்டு: சேர்த்து விற்பது, திரும்ப விற்பது.

3டி பிரிண்டர் நாசில் (பிளாஸ்டிக் இழை உருகி வெளிவரும் முனை) நல்ல எடுத்துக்காட்டு. பரவலாகப் பயன்படும் 0.4 மில்லிமீட்டர் பித்தளை நாசில் விலை மிகக் குறைவு, ஒன்றாக விற்றால் டெலிவரிக்கே போதாது. ஆனால் கார்பன் ஃபைபர் கலந்த இழையும் இருட்டில் ஒளிரும் இழையும் பித்தளையைச் சீக்கிரம் அரித்துவிடும்; அந்த இழைகளைப் பயன்படுத்துபவருக்குக் கடினப்படுத்திய எஃகு நாசில், சுத்தம் செய்யும் ஊசி, மாற்றுவதற்கான சாவி என்று ஒரு பெட்டியாகக் கொடுத்தால் விலை நிற்கும். இழை தீர்ந்தால் அவரே திரும்பி வருவார். இரண்டாவது ஆர்டருக்கு விளம்பரச் செலவு இல்லை என்பதால் லாபம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஆனால் "வருடத்துக்கு மூன்று முறை வாங்குவார்" என்று நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள். முதல் 50 வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் 90 நாளில் திரும்பினார்கள் என்று எண்ணிய பிறகு கணக்கில் சேருங்கள்.

11. கேட்ட எல்லாரும் "சூப்பர், கண்டிப்பா வாங்குவேன்"னு சொன்னாங்க. கடை திறந்தா ஒருத்தரும் வரல. ஏன்?

"வாங்குவீர்களா?" என்று கேட்டால் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக இந்தத் தொல்லை எப்போது வந்தது? அப்போது என்ன செய்தீர்கள்? எவ்வளவு செலவானது? வேறு என்னென்ன வாங்கிப் பார்த்தீர்கள், ஏன் விட்டீர்கள்? எங்கே தேடினீர்கள், என்ன வார்த்தை போட்டு? இதுவரை ஒரு காசும் ஒரு மணி நேரமும் செலவழிக்காதவர், உங்கள் பொருள் வந்தவுடன் செலவழிக்கத் தொடங்கமாட்டார். இப்படி ஏழெட்டுப் பேரிடம் பேசினாலே 6-ஆம் கேள்விக்கு வேண்டிய வார்த்தைகளும் சேர்ந்து கிடைத்துவிடும்.

12. சரக்கு எடுக்காம சோதிச்சுப் பார்க்க முடியுமா? எத்தனை பேர் வந்து பார்த்தா முடிவுக்கு வரலாம்?

முடியும். ஒரே ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் போடுங்கள். விலை, டெலிவரிக் கட்டணம், எத்தனை நாளில் வரும் என்பதெல்லாம் வெளிப்படையாக இருக்கட்டும். முன்பதிவு என்றால் முன்பதிவு என்றே எழுதி, குறித்த தேதிக்குள் அனுப்ப முடியாவிட்டால் பணம் திரும்பும் என்று சொல்லுங்கள், அப்படியே செய்யுங்கள். இல்லையென்றால் சில்லறை விலையிலேயே 10 உருப்படி வாங்கி விற்றுப் பாருங்கள். அதில் வரும் சிறு நஷ்டம், 500 உருப்படி தேங்குவதைவிட மலிவு. கூடையில் போட்டவர்களை விற்பனையாக எண்ணாதீர்கள். இணையக் கடைகளில் கூடையில் போட்டபின் வாங்காமல் போவது சராசரியாகச் சுமார் 70 சதவீதம்.

எண்ணிக்கைக்குப் புள்ளியியலில் ஓர் எளிய விதி இருக்கிறது: வந்தவர்களில் ஒருவரும் வாங்கவில்லை என்றால், 3-ஐ வந்தவர் எண்ணிக்கையால் வகுங்கள், உண்மையான விகிதம் 95 சதவீத நம்பிக்கையுடன் அதற்குக் கீழே இருக்கும். 100 பேர் வந்து பூஜ்யம் என்றால் விகிதம் 3 சதவீதம் வரைகூட இருக்கலாம், இன்னும் எதுவும் தெரியவில்லை. 150 பேர் வந்து பூஜ்யம் என்றால் 2 சதவீதத்துக்குக் கீழே. 9-ஆம் பதிலின் கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது. 300 பேர் என்றால் 1 சதவீதத்துக்குக் கீழே. மறுபக்கமும் உண்டு: 100 பேரில் 4 பேர் வாங்கிவிட்டார்கள் என்று துள்ள வேண்டாம், உண்மையான விகிதம் 2-ஐ ஒட்டியும் இருக்கலாம், 9-ஐ ஒட்டியும் இருக்கலாம். நண்பர்களும் உறவினர்களும் இந்த எண்ணிக்கையில் வரக்கூடாது.

13. எந்த மாதிரிப் பொருளைத் தொடவே கூடாது?

முதலில், பெரிதாகவும் லேசாகவும் இருப்பவை. விமானக் கூரியர்களில் உண்மை எடையைவிடக் கன அளவு எடை அதிகமானால் அதையே கணக்கிடுவார்கள்: நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கம். 40 × 30 × 30 பெட்டி 7.2 கிலோவாகக் கணக்காகும், உள்ளே 1 கிலோ தலையணை இருந்தாலும். லித்தியம் பேட்டரி உள்ளவை அடுத்தது. தனி லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது, கருவியோடு சேர்ந்து வருபவற்றுக்கும் தனி லேபிளும் விதிகளும் உண்டு.

அளவு பார்த்து வாங்கும் உடை, செருப்பு ஆகியவற்றில் ரிட்டர்ன் 10-இல் நிற்காது. 9-ஆம் பதிலில் அந்த எண்ணை 25 ஆக்கிப் பாருங்கள். குழந்தைகளுக்கான பொருள், உடலுக்குள் போவது, தோலில் பூசுவது, மின்சாரத்தில் செருகுவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலான நாடுகளில் பரிசோதனைச் சான்று வேண்டும். சப்ளையர் தரும் சான்றிதழில் உள்ள மாடல் எண் உங்கள் பொருளின் எண்தானா என்று பாருங்கள், வேறு பொருளின் சான்றை அனுப்புவது நடக்கிறது. முதல் முயற்சிக்கு இவை எதுவும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

14. டிராப்ஷிப்பிங்ல சரக்கே வேண்டாமே, எந்த நிஷ்ஷா இருந்தா என்ன?

டிராப்ஷிப்பிங் என்றால் ஆர்டர் வந்ததும் சப்ளையரே நேராக வாடிக்கையாளருக்கு அனுப்புவது. ஆனால் நிஷ்ஷின் பலமே "இவருக்குப் பொருள் தெரியும்" என்ற நம்பிக்கை. பொருளைத் தொட்டுப் பார்க்காதவரால் அதைக் கொடுக்க முடியாது. சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள், அதற்கும் முன் ஒரு சாம்பிள் வாங்கி அளந்து, புகைப்படம் எடுங்கள். அதே சப்ளையரின் அதே படத்தை இன்னும் பலர் போட்டிருப்பார்கள். கடைசியில் விலை மட்டுமே வித்தியாசமாக மிஞ்சும்.

15. நிஷ்ஷை ரொம்பக் குறுக்கிட்டோமோனு பயமா இருக்கு. எவ்வளவு குறுக்கலாம்?

ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டாவதாக என்ன விற்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இடது கைத் தையல்காரருக்குக் கத்தரிக்கோலுக்குப் பிறகு சுழல் வெட்டுக் கத்தி, வலமிருந்து இடமாக எண்கள் ஓடும் அளவுகோல் என்று வரிசை நீளும். பதில் வரவில்லை என்றால் குறுக்கியது அதிகம். 6-ஆம் பதிலின் கணக்கில் உங்கள் இலக்கில் பாதிகூட எட்டவில்லை என்றாலும் அப்படியே. அகலப்படுத்தும்போது ஆட்களை மாற்றாமல் பொருட்களைக் கூட்டுங்கள். வலது கைக்காரர்களுக்கும் விற்கத் தொடங்கினால் நீங்கள் சாதாரணக் கத்தரிக்கோல் கடை.

16. பொருள் விக்காம, எழுதி அஃபிலியேட் கமிஷன் வாங்கினா இதே வழிதானா?

அஃபிலியேட் என்றால் நீங்கள் கொடுத்த இணைப்பு வழியாக ஒருவர் வாங்கும்போது பிறர் கடை உங்களுக்குத் தரும் கமிஷன். தேடும் வழி அதேதான், கணக்கு வேறு. கையில் நிற்பது விலையில் 50 அல்ல, கமிஷன் மட்டும். அது 4 ஆகவும் இருக்கலாம். ஆகவே விளம்பரம் வாங்கிக் கட்டுப்படியாகாது, தேடலில் இயல்பாக வருபவர்களை நம்ப வேண்டும். உடல்நலம், பணம் போன்ற துறைகளில் கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டுதலில் மிகக் கடுமையான அளவுகோலை வைத்திருக்கிறது. அங்கே தகுதியோ நேரடி அனுபவமோ இல்லாமல் எழுதி மேலே வருவது கடினம், வாசகருக்கும் ஆபத்து.

17. பிரபல கம்பெனி மெஷினுக்கு உதிரிபாகம் விக்கலாமா? அவங்க பேரைப் போட்டா வழக்கு வருமா?

உதிரிபாகம் அருமையான நிஷ். மாடல் எண்ணோடு தேடி வருபவர் வாங்கத்தான் வருகிறார். "இந்த மாடலுக்குப் பொருந்தும்" என்று விவரிப்பதைப் பல நாடுகளின் வர்த்தகக்குறிச் சட்டம் ஏற்கிறது. அவர்களுடைய லோகோவைப் போடுவதும், கடைப் பெயரிலோ டொமைனிலோ அவர்கள் பெயரைச் சேர்ப்பதும், அசல் என்று தோன்றும்படி பேக்கிங் செய்வதும்தான் வம்பை அழைக்கும். பாகத்தின் வடிவத்துக்கே காப்புரிமையோ வடிவமைப்புப் பதிவோ இருக்கலாம். காப்புரிமையைக் கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட் ஆகிய காப்புரிமைத் தேடல் தளங்கள் இரண்டிலும் தேடுங்கள், வடிவமைப்புப் பதிவைத் தனியாகப் பாருங்கள். உங்கள் கடைப் பெயரை வைப்போவின் (உலக அறிவுசார் சொத்து அமைப்பின்) உலக வணிகக்குறித் தரவுத்தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். பெரிய ஆர்டர் கொடுக்குமுன் உங்கள் நாட்டு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

18. நான் கண்டுபிடிச்சதைப் பெரிய கடைக்காரர் காப்பி அடிச்சா?

ஒரு பொருளைக் காப்பி அடிப்பார்கள். 80 மாடல்களுக்கு எந்தக் கேஸ்கெட் பொருந்தும் என்று அளந்து வைத்த அட்டவணையை, மெதுவாக விற்கும் 60 அளவுகளையும் ஸ்டாக்கில் வைத்திருப்பதை, கேட்டால் சரியான பதில் சொல்வதைக் காப்பி அடிக்க மாட்டார்கள். அவர்களுடைய அளவுக்கு அது கட்டுப்படியாகாது. நன்றாக ஓடும் ஒரே ஒரு பொருளை நம்பியிருந்தால்தான் பயப்பட வேண்டும்.

19. ரெண்டு நிஷ் கணக்குல சமமா நிக்குது. எதை எடுக்குறது?

வாங்குபவர்கள் கூடும் மூன்று இடங்களை உங்களால் உடனே பெயர் சொல்ல முடிகிற நிஷ்ஷை எடுங்கள்: ஒரு குழு, ஒரு சங்கம், ஒரு யூடியூப் சேனல், எதுவானாலும் சரி. மார்ஜினைச் சப்ளையரை மாற்றிப் பின்னால் சரிசெய்யலாம். சிதறிக் கிடக்கும் ஆட்களை ஓரிடத்தில் கூட்ட உங்களால் முடியாது. அதிலும் சமம் என்றால் திரும்பி வாங்கும் பொருள் உள்ளதை எடுங்கள்.

20. எப்போ இது சரிப்படாதுனு விடணும்?

எவ்வளவு பணம் வரை, எந்தத் தேதி வரை என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். நடுவில் யோசித்தால் போட்ட பணம் யோசிக்க விடாது. அந்த எல்லைக்குள், எங்கே உடைகிறது என்று பாருங்கள். விளம்பரத்தை யாரும் தொடவே இல்லை என்றால் சொற்களோ தேவையோ தவறு. தொடுகிறார்கள், கூடையில் போடவில்லை என்றால் பக்கமோ விலையோ. கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டவில்லை என்றால் பெரும்பாலும் கடைசித் திரையில் திடீரென்று தெரியும் டெலிவரிக் கட்டணம், அல்லது அவர்களுக்குப் பழக்கமான பணம் கட்டும் வழி இல்லாமை. வாங்கித் திருப்பி அனுப்பினால் விவரிப்பு பொய்யாக இருக்கிறது.

கடைசி இரண்டும் கடையின் கோளாறு, சரிசெய்துவிட்டுத் தொடரலாம். முதல் இரண்டில் சொற்களையும் படத்தையும் விலையையும் தனித்தனியாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் 150 பேராவது வந்த பிறகும் 9-ஆம் கணக்கு தேறவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மிச்சச் சரக்கை அதே நிஷ்ஷில் நிற்கும் வேறு கடைக்கு வாங்கிய விலைக்கே கொடுங்கள். விமர்சன விரிதாளையும் பேசிய ஆட்களின் குறிப்புகளையும் அழிக்காதீர்கள். அதே ஆட்களுக்கு வேறொரு பொருள் தேவைப்படுகிறதா என்று பார்க்க அவைதான் முதல் இடம்.